மாதாவின் கடலை எடுத்தவர்

அன்றைக்குக் கெபிக்கு வந்திருந்தவர்கள்: கெபிக் குழுத் தலைவர் சவரிமுத்து அண்ணன், என் அப்பா, அப்பாவின் அக்கா லூர்து அத்தை, பூசை முடிந்து பசியோடு நேராக வந்த ஏழெட்டுக் குடும்பங்கள், நான், என்னோடு வேலை பார்த்த அக்கா. வராதவர்கள்: பாரிட் புந்தாரில் கல்யாணம் நடத்தப் போயிருந்த பங்குச் சாமியார், வருகிறேன் என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்ட நகரக் கவுன்சில் அதிகாரி, ‘இந்தக் குகையைக் கடல் குடைந்தது’ என்று எழுதிவிட்டுப் போன வெள்ளைக்கார நிலவியலாளர். அந்த வெள்ளைக்காரரால் வர முடியாது. செத்து எத்தனையோ காலம். ஆனால் அன்றைய வழக்கு முழுக்க அவரைப் பற்றித்தான்.

மாதா சுரூபம் வைத்த குகையைத்தான் கெபி என்போம். பல ஊர்களில் சிமெண்டில் கட்டுவார்கள். எங்களுடையது தானாக அமைந்தது. ஈப்போவை அடுத்த லகாட் பக்கம், முன்பு ரப்பர் தோட்டம் இருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்பு மலை நிற்கிறது. அதன் அடிவாரம் ஓரிடத்தில் ஆள் உயரத்துக்கு உள்வாங்கியிருக்கும். மேலே பாறை கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கும். தோட்டம் வீட்டுமனைக்காரர்களுக்கு விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டபோது எங்கள் சின்னக் கோயிலும் போனது. அப்பாவின் ஆட்கள் மாதா சுரூபத்தைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்து இங்கே இறக்கினார்கள்.

இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒரு பழைய தகரப் பலகை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக யாரோ எப்போதோ நட்டது. முன்பு கடல் இந்த மலைவரை வந்தது, அலை அடித்து அடித்தே அடிவாரம் குடைந்தது, இதை ஓர் ஆங்கிலேய நிலவியலாளர் கண்டறிந்தார் என்று அதில் மலாயில் எழுதியிருந்தது. படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படித்தாராம். வேளாங்கண்ணி மாதா கடலோரத்து மாதா. ஈப்போவில் கடல் கிடையாது. கடல் ஒருமுறை வந்துபோன இடம் என்று தெரிந்த பிறகு எங்கள் ஆட்கள் விடுவார்களா?

அன்றிலிருந்து ஒவ்வொரு செப்டம்பர் திருவிழாவுக்கும் சவரிமுத்து அண்ணனின் லாரி கடற்கரை ஊரான லுமூட்டுக்குப் போகும். நீல டிரம்களில் கடல் தண்ணீரை அள்ளிவந்து, மந்திரம் சொல்லி, பாறையின் அடியில் ஊற்றுவார்கள். சின்ன வயதில் அந்த ஈரப் பாறையை நக்கி உப்புப் பார்த்திருக்கிறேன். பலகையில் இருந்த வெள்ளைக்காரருக்குக் கல்லுத் துரை என்று பெயர் வைத்தோம். தோட்டத்தில் எத்தனையோ துரைமாருக்கு சலாம் போட்டவர்கள் எங்கள் ஆட்கள். மனதார மதித்தது இந்த ஒரு துரையைத்தான்.

அந்தத் துரையின் கடலைத்தான் அக்கா எடுத்தார்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். ஈப்போ டவுனில் வளர்ந்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயிலும் தோட்டங்களிலும் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை பார்த்த குடும்பம். அவருடைய பழைய கன்சில் காரின் பின்சீட்டில் ஹெல்மெட்டும் சுத்தியலும் சேறு காய்ந்த பூட்சும் எப்போதும் கிடக்கும். மலைகளுக்கு விளக்கப் பலகைகள் தயாரிக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் அவர் நிலவியலாளர். காம்பாரில் படிப்பை முடித்த கையோடு நான் அங்கே தமிழ்ப் பகுதியை எழுதச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் படித்து, மேசை முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள் என்பதால் முதல் நாள் டை கட்டிக்கொண்டு போனேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சட்டை நிக்கும், தம்பி. டை நிக்காது.”

எதைப் பற்றிக் கேட்டாலும் அவர் தீர்ப்பு இந்த இரண்டு சொல்லில்தான் வரும். ஒன்றை முழுதாக ஏற்கவும் மாட்டார், முழுதாகத் தள்ளவும் மாட்டார். எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்து வைப்பார். வாயில் எந்நேரமும் ஓர் அசாம்பொய் கிடக்கும். அந்த உப்புப் பழத்தை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினாரென்றால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

அலுவலகத்துக்குக் கீழே இருந்த சாப்பாட்டுக் கடையில் ஒருநாள் முதலாளி, “தோசை எப்படிம்மா?” என்று கேட்டுவிட்டார்.

“சட்னி நிக்கும். சாம்பார் நிக்காது.”

“அப்ப பாதிக் காசுதான் குடுப்பியா?”

“முழுக் காசும் தாறன். நாளைக்குச் சட்னி அரைச்ச ஆளை சாம்பார் வைக்கச் சொல்லுங்கோ.”

“சட்னி என் மாமியார் அரைச்சது லா. சாம்பாரும் அவங்களே வச்சா நான் வீட்டுல குடியிருக்க முடியாது!”

அக்கா சிரித்துச் சிரித்து அசாம்பொய் தொண்டையில் சிக்கி இருமினார்.

எப்போதும் இப்படிச் சிரிப்பாக இருக்காது. பாராட்டு வாங்கலாம் என்று அவரிடம் போனால் பாதிதான் கிடைக்கும். நான் ஒரு வாரம் மெனக்கெட்டு எழுதிய முதல் பலகையைப் படித்துவிட்டு, “ரெண்டாவது பந்தி நிக்கும்” என்றார். அதில் மூன்று பந்திகள் இருந்தன. சாவு வீட்டில் யாராவது ‘தங்கமான மனுஷன்’ என்றால்கூட அக்கா தலையாட்டமாட்டார். வாயைத் திறக்காமல் இருப்பார், அதுவரைக்கும் நல்லது. அவரோடு இருக்கும்போது, என்னையும் ஒருநாள் இப்படிப் பிரித்து வைப்பாரோ என்ற கூச்சம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

எங்கள் மலைக்கும் புதுப் பலகை வைக்கும் வேலை வந்தபோது அலுவலகத்தில் பெரிய சண்டை. கல்லுத் துரை தொப்பியோடும் கைத்தடியோடும் நிற்கும் படத்தைப் பெரிதாகப் போடவேண்டும் என்றார் மேலாளர். வரைபடம் போடும் இர்ஃபான் ஒத்துக்கொள்ளவில்லை. “இந்த ஆட்கள் மலையைப் பார்க்க வரவில்லை. ஈயம் எங்கே இருக்கிறது என்று கம்பெனிகளுக்குக் காட்டிக்கொடுக்க வந்தார்கள். பெயரையே எடுத்துவிடு” என்று மலாயில் கத்தினான். நானும் அவன் பக்கம். என் கொள்ளுத்தாத்தா அந்த ஆட்களுக்குக் காடு வெட்டிக் கூலி வாங்கியவர், எந்தப் பலகையில் அவர் பெயர் இருக்கிறது என்று கேட்டேன்.

அசாம்பொய் கன்னம் மாறியது.

“உங்கட கோபம் நிக்கும், தம்பி. அதை நான் தள்ளேல்லை. ஆனா கோபத்தை வச்சு மலையை அளக்க ஏலாது. இந்த ஆள் பார்த்ததிலே எது சரி, எது பிழை? முதல்ல அதைப் பார்ப்பம். தொப்பிப் படம் வேண்டாம். தொப்பி ஒண்டையும் கண்டுபிடிக்கேல்லை.”

பிறகு, துரையின் பழைய புத்தகத்திலிருந்து பெரிதாக்கி எடுத்த ஒரு கோட்டோவியத்தை மேசையில் விரித்தார். எங்கள் மலையேதான். எங்கள் கெபியேதான், மாதா வருவதற்கு முன்னால். பாறையின் ஒவ்வொரு மடிப்பும் பிளவும் இழை இழையாக வரையப்பட்டிருந்தது. குகைக்குள் தலையில் துண்டு கட்டிய ஒருவன் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாறையின் உயரம் தெரிவதற்காக அளவுக்கு நிறுத்தி வைத்த ஆள். நாங்கள் மூவரும் வாதத்தை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த மாதத்தில்தான் கெபியில் கல் விழுந்தது. தேங்காய் அளவுதான் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மெழுகுவர்த்தித் தாங்கியை நசுக்கிப்போட்டது. ஆள் யாரும் இல்லை. ஆனால் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அது லூர்து அத்தையினுடையது. மாமா இறந்த பிறகு அத்தை ஒவ்வொரு சாயந்திரமும் அதில்தான் உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார்.

கவுன்சில்காரர்கள் திருவிழா நடத்தக் கூடாது என்றார்கள். பாறைக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்தவர்கள் யாராவது கடிதம் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். சவரிமுத்து அண்ணன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, நீ வேலை செய்ற எடத்துல ஒரு லெட்டர் வாங்கிக் குடு. கடல் வெட்டின குகை, எத்தனையோ காலமா அப்படியே இருக்கு, ஒண்ணும் ஆகாது. கல்லு விழுந்தது குவாரியில வெடி வைக்கிறதால. அவ்வளவுதான், சுசா இல்லாத, சுளுவான விஷயம் லா.”

நான் அக்காவிடம் சொன்னேன். மறுநாளே கன்சிலை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மதியம் சாப்பிடவில்லை.

“கடிதம் தர மாட்டன்,” என்றார். “குவாரி வெடியாலயோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டன். ஆனா கடல் அந்த மலைக்கு வரேல்லை. இதைக் கேளுங்கோ. கடல் குடைஞ்சதெண்டா அது எப்பவோ முடிஞ்ச வேலை. கடல் போயிட்டுது, பாறை அப்படியே நிக்கும். மண்ணுக்குள்ள ஊறுற தண்ணி குடைஞ்சதெண்டா அது இண்டைக்கும் நடக்கிற வேலை. உங்கட அத்தைக்கு மேல இருக்கிற பாறையின்ர கால் கரைஞ்சுகொண்டு இருக்குது.”

வீட்டில் சொன்னேன். அப்பா தட்டில் கை கழுவிவிட்டு எழுந்தார். “படிச்ச பிள்ளைய அனுப்பினா, மாதாவோட கடலையே வத்த வச்சிட்டு வந்திருக்கான்,” என்றார். அத்தையோ அன்று சாயந்திரமும் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டம் கூட்டியது அதனால்தான். அக்காவே வந்து சொல்லட்டும் என்றார் சவரிமுத்து அண்ணன்.

அக்கா சேறு பிடித்த பூட்சோடு வந்து இறங்கினார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“நீங்க அந்தப் பெரிய கிராணி பேத்திதானே?” என்று ஆரம்பித்தார் அண்ணன். விசாரித்து வைத்திருக்கிறார். “எங்க தோட்டத்துல இருந்தவரு. காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா எங்க தாத்தாவுக்கு அரை நாள் கூலிய வெட்டிடுவாராம். இப்ப பேத்தி வந்து எங்க மாதாவுக்கு வெட்டுறீங்க.”

கூட்டம் சிரித்தது. நான் தரையைப் பார்த்தேன்.

அக்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “ஓம் அண்ணே. வெட்டினவர்தான். அது பிழை. லயத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில சேர்க்கச் சொல்லி மனேஜருக்கு மனு எழுதினவரும் அவர்தான். அதுக்காக இதைக் கழிக்கச் சொல்லி நான் கேக்கேல்லை. ரெண்டும் நிக்கும். உங்கட தாத்தாவின்ர அரை நாள் கூலியும் நிக்கும்.”

சண்டைக்கு வந்தவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படவில்லை. சவரிமுத்து அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“சரி, அத விடுங்க. கடல் வரலைன்னு எப்படிச் சொல்றீங்க? நீங்க பாத்தீங்களா?”

“நான் பார்க்கேல்லை. நீங்களே பாருங்கோ. பாறை அடியில நீங்கள் மண் போட்டு மேடாக்கியிருக்கிறீங்கள்தானே? அதையும், அதுக்குக் கீழ இருக்கிற பழைய மண்ணையும் தோண்டுங்கோ. மண்ணுத் தண்ணி குடைஞ்சதெண்டா கீழயும் பாறை உள்வாங்கியிருக்கும். நேராப் போனா நான் சொன்னது பிழை. மாதாவிட்ட மன்னிப்புக் கேக்கிறன்.”

“எல்லார் முன்னாலயும் கேக்கணும்.”

“ஓம். முட்டி போட்டுக் கேக்கிறன்.”

அண்ணன் சட்டையைக் கழற்றினார். லாரியிலிருந்து மண்வெட்டி வந்தது. தோட்டத்தில் வளர்ந்த கை, இரண்டே வீச்சில் நாங்கள் கொட்டிய செம்மண் விலகியது. அதற்கடியில் கறுத்த பழைய மண், வாழை வேர், புழு. அப்பாவும் இறங்கினார். முழங்கால் ஆழம் போனதும் மண்வெட்டி பாறையில் படாமல் வெற்றாக உள்ளே போனது. அண்ணன் தடுமாறி விழப் பார்த்தார்.

“என்னா லா இது?”

பாறை நேராக இறங்கவில்லை. மண்ணுக்கு அடியில் இன்னொரு குடைவு, மேலே இருப்பதைவிட உள்வாங்கியிருந்தது. லூர்து அத்தை கைலியைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். யாரும் தடுக்கவில்லை. குனிந்து தோள்வரை கையை உள்ளே விட்டார்.

“வழவழன்னு இருக்கு,” என்றார். “பானைக்குள்ள கைய விட்ட மாதிரி. ஈரமா இருக்கு.”

கையை வெளியே எடுத்தார். விரல்களில் வெள்ளைச் சேறு. அதை விரலோடு விரல் தேய்த்துப் பார்த்தார். பிறகு தம்பியிடம், அதாவது என் அப்பாவிடம், மெதுவாகக் கேட்டார்: “ஏன்டா, அலை மண்ணுக்குக் கீழ வந்து அடிக்குமா?”

அப்பா குனிந்து தானும் உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

அத்தையின் கண் கலங்கியிருந்தது. “அப்ப அந்தக் கல்லுத் துரை நம்மகிட்டப் பொய் சொல்லிட்டானா?” என்றார் அக்காவிடம்.

அக்கா குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். “பொய் சொல்லேல்லை அம்மா. பிழையாச் சொன்னவர். மண்ணைத் தோண்டிப் பார்க்கேல்லை. வேற மலையில, வேற கரையில கடல் குடைஞ்சதைக் கண்டிருப்பார், இதையும் அப்படியே நினைச்சிட்டார். ஆனா அவரை முழுசாத் தள்ளிப்போடாதேங்கோ. இதைப் பாருங்கோ.”

கோட்டோவியத்தை எடுத்து விரித்தார். எல்லோரும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

“இந்தப் பிளவைக் கண்டீங்களோ? அண்டைக்கு அவர் வரைஞ்சபோது பாறையின்ர பாதியில நிண்டுட்டுது. இப்ப நிமிர்ந்து பாருங்கோ.”

நிமிர்ந்து பார்த்தோம். அந்தப் பிளவு மாதாவின் தலைக்கு நேர் மேலே, பாறையின் விளிம்புவரை இறங்கி வந்திருந்தது. இத்தனை வருடம் அதன் கீழே நின்று பாடியிருக்கிறோம், ஒருவரும் அண்ணாந்து பார்த்ததில்லை.

“அந்த மனுஷன் ஒரு கோட்டைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அதாலதான் பாறை நகருது எண்டு இண்டைக்கு எனக்குத் தெரியுது. அவர் சொன்ன கடல் நிக்காது. அவர் வரைஞ்சது நிக்கும்.”

சவரிமுத்து அண்ணன் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் விரலை வைத்தார். “இது யாரு?”

“அளவுக்கு நிண்ட ஆள். பேர் எழுதேல்லை.”

“மண்டையில துண்டு கட்டியிருக்கான் பாரு. நம்மாளு லா!”

“அது தெரியாது அண்ணே. இருக்கலாம்.”

“அப்ப போர்டுல எழுதுங்க, நம்மாளுன்னு.”

“இருக்கலாம் எண்டு எழுதுவம்.”

“என்னா நீங்க, எதுக்கும் பாதிதான் குடுப்பீங்க போல.”

“நீங்கள் இப்பச் சொன்னது முழுசா நிக்கும் அண்ணே,” என்றார் அக்கா. அன்று அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

சாமியார் திரும்பி வந்ததும் அவரிடமும் கேட்டு, மாதாவை மலையிலிருந்து தள்ளி, பழைய தோட்டத்துச் சாலையோரம் திறந்த இடத்துக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. இடத்துக்கு அனுமதி வாங்க அக்கா எங்களோடு கவுன்சிலுக்கு நடையாய் நடந்தார். அங்கே அவர் கொடுத்த அறிக்கையில் எது தெரியும், எது தெரியாது என்று தனித்தனியாக எழுதியிருந்தார். அந்த அதிகாரி, தனக்கு வரும் அறிக்கைகளில் ‘தெரியாது’ என்ற சொல்லைப் பார்ப்பது இதுவே முதல்முறை என்றாராம். அனுமதி வந்தது.

செப்டம்பர் வந்தபோது லுமூட்டுக்கு லாரி போகவேண்டுமா என்று ஒரு பேச்சு எழுந்தது. கடலே வராத மலைக்குக் கடல் தண்ணீர் எதற்கு என்று இளவட்டங்கள் கேட்டார்கள். லூர்து அத்தை ஓர் அதட்டல் போட்டார்: “தண்ணி மலைக்கா கொண்டாந்தோம்? மாதாவுக்குத்தானே கொண்டாந்தோம். கடல் வரலன்னாத்தான் நாம போய்க் கொண்டாரணும். வண்டிய எடுங்க டா!” நீல டிரம்கள் போயின, நிறைந்து வந்தன.

அக்கா அன்று சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்துவான அவருக்கும் அத்தை ஒரு செம்பு கடல் தண்ணீரைக் கொடுத்து ஊற்றச் சொன்னார். ஊற்றினார். இதில் எது நிற்கும் என்று நான் கேட்க நினைத்தேன். அவர் வாயில் அசாம்பொய் இல்லை, அதனால் கேட்கவில்லை.

புதுப் பலகையில் தொப்பிப் படம் இல்லை. துரையின் பெயர் இருக்கிறது, அவருடைய ஓவியம் இருக்கிறது. தமிழ்ப் பகுதி நான் எழுதியது: ‘கடல் இக்குகையைக் குடைந்தது என்று இவர் கருதினார். அது சரியல்ல என்று இன்று அறிகிறோம். ஆனால் இவர் வரைந்த ஓவியம் துல்லியமானது. அதைக் கொண்டே இப்பாறை மாறிவருவதை அறிந்தோம். படத்தில் அளவுக்கு நிற்பவரின் பெயர் பதிவு செய்யப்படவில்லை. இவர் இவ்வட்டாரத்துத் தமிழ்த் தொழிலாளராக இருக்கலாம்.’ அக்கா படித்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். இர்ஃபான் அந்தத் துண்டு கட்டிய ஆளைக் கொஞ்சம் பெரிதாக அச்சிட்டிருந்தான். அக்கா அதைக் கவனித்தார், விட்டுவிட்டார்.

பிறகு அவர் சரவாக் பக்கம் குகைகளை ஆராயப் போய்விட்டார். எப்போதாவது வௌவால் படம் அனுப்புவார். இங்கே இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகள் பலகையைப் பார்க்க வருகிறார்கள். சவரிமுத்து அண்ணன் அவர்களை வேலிக்கு வெளியே நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொல்லி, பிளவைக் காட்டுகிறார். கல்லுத் துரை எங்கே சறுக்கினார் என்பதையும், எங்கே சறுக்கவில்லை என்பதையும் அவரே சொல்கிறார். அத்தையின் நாற்காலி சாலையோரம், வேப்ப மரத்தடியில் இருக்கிறது.

“எங்க லா, அந்தப் பாறை இன்னும் விழலையே?” என்று யாராவது அப்பாவைக் கிண்டல் செய்வதுண்டு. “விழாம இருக்கிறதுல உனக்கு என்னா கஷ்டம்?” என்பார் அப்பா. குழுக் கூட்டத்தில் கணக்கைப் படித்தபோதும் அதே கிண்டல் எழுந்தது. இன்றுவரை விழாத அந்தப் பாறைக்காக, அடித்தளம், கூரை, வேலி, சுரூபத்தைத் தூக்கக் கூலி எல்லாம் சேர்த்து நாங்கள் செலவழித்தது பதினோராயிரத்து நானூறு வெள்ளி.